கரும்பச்சை

நான் முன்னாடியே உக்காந்துக்கறேன் தம்பி. பின்னாடி உக்காந்தா எனக்குத் தலை சுத்தும். அந்தப் பையை என் காலடியிலயே வச்சுக்கறேன், உள்ள பேப்பர் இருக்குது, கசங்கிடக் கூடாது. போறப்ப நாம ரெண்டு பேருதான். வர்றப்ப என் வீட்டுக்காரியும் பாப்பாவும் பின்னாடி உக்காருவாங்க. தம்மம்பட்டிக்கு இந்தப் பக்கம் ஏழு கிலோமீட்டரு, நான் வழி சொல்றேன். பெரம்பலூரைத் தாண்டிட்டாப் போதும், அப்புறம் ஒரே நேர் ரோடுதான்.

ஏசி எல்லாம் வேணாம். கண்ணாடியை இறக்கி விட்டுக்கலாம். வர்றப்ப மட்டும் போடுங்க, பாப்பாவுக்கு நாப்பத்தஞ்சு நாளுதான் ஆவுது.

ஆமா, கூட்டிட்டு வரத்தான் போறேன். பொண்டாட்டி பேரு வெண்ணிலா. ஏழாம் மாசத்துல அண்ணன் வீட்டுக்குப் போனவ. பிரசவம் முடிஞ்சு முப்பது நாள்ல கூட்டிட்டு வந்துடலாம்னு இருந்தேன். வரமாட்டேன்னுட்டா. வரவே மாட்டேன்னுட்டா தம்பி. அவளுக்கு அம்மா இல்ல, அண்ணன் மதியழகன்தான் எல்லாம். அவரும் அவ பக்கம் நின்னுக்கிட்டாரு. போன வெள்ளிக்கிழமைதான் சரின்னு சொன்னா. அதுவும் எதுக்குன்னு நெனைக்கறீங்க? ஒரு பேப்பருக்கு. நான் சொன்னதுக்கு இல்ல, என் முகத்துக்கு இல்ல. ஒரு பேப்பருக்கு.

சொல்றேன், தூரம் இருக்குதில்ல.

நம்ம காடு வேப்பூருக்குக் கிழக்கால. நாலு ஏக்கரு, கரிசல். வீடும் அங்கதான், காட்டுக்குள்ளயே. ஊருக்குள்ள போவணும்னா ஒரு மைலு நடக்கணும். நீங்க எப்பவாவது அந்தப் பக்கம் புரட்டாசி ஐப்பசியில வந்தா பாருங்க. ரோட்டுல நின்னு பாத்தாலே எது அழகுதுரை காடுன்னு தெரிஞ்சுடும். அழகுதுரைங்கறது நான்தான். சுத்தியும் எல்லாரும் மக்காச்சோளம்தான் போட்டிருப்பான், ஆனா எல்லாம் ஒரு மாதிரி வெளுத்து நிக்கும். என்னுது மட்டும் கரும்பச்சை. கருப்புன்னே சொல்லலாம். பஸ்ஸுல போறவங்க எட்டிப் பாப்பாங்க. ஒருத்தரு எறங்கி வந்து என்ன மருந்து அடிக்கறீங்கன்னு கேட்டுட்டே போனாரு.

மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல. யூரியாதான். மனசு வச்சுப் போடணும், அவ்வளவுதான். மத்தவன் எல்லாம் அளந்து அளந்து போடுவான், கஞ்சப்பய. வேளாண்மை ஆபீசுலேருந்து ஒரு அம்மா வரும், நல்ல அம்மாதான், வண்டியை வரப்போரம் நிறுத்திட்டு வெயில்ல நடந்து வந்து சொல்லும். மானாவாரி மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு ஒன்றரை மூட்டை போதும்பாங்க. அதையும் ஒரேயடியா போடாதீங்க, பிரிச்சுப் பிரிச்சு, தூருல வச்சு மண்ணு அணைச்சு விடுங்கம்பாங்க. மழை வர்ற மாதிரி இருந்தா போடாதீங்கம்பாங்க. உளுந்து போட்ட நெலத்துல இன்னும் கொறைச்சுக்குங்க, உளுந்தோட வேருல சத்து நிக்கும்னு சொல்வாங்க. பச்சைக் கோடு போட்ட ஒரு அட்டையைக் கொடுத்து, இலையை இதோட வச்சுப் பாத்துட்டுப் போடுங்கன்னாங்க. கண்ணு இருக்கறவனுக்கு அட்டை எதுக்கு? எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு.

நம்ம முறை என்னன்னா, ஆவணி கடைசியில மக்காச்சோளம். தையில கதிரு ஒடிச்சதும் உளுந்து. உளுந்து எடுத்ததும் கோடையில கெணத்துத் தண்ணியில மாட்டுச் சோளம். வருசம் பூரா நெலம் சும்மா கெடக்காது. அப்படி நெலத்துக்கிட்ட வேலை வாங்கினா அதுக்குச் சோறு போட வேணாமா? உளுந்து அது பாட்டுக்கு ஏதோ வச்சுட்டுப் போவுதாம். அதை நம்பி நான் மக்காச்சோளத்தைப் பட்டினி போடணுமாம். நான் ஏக்கருக்கு நாலு மூட்டை. ஒரே நாளு, வீசி வுட்டுட்டு வந்துடுவேன். தூருக்குத் தூரு வச்சு மண்ணு அணைக்க ஆளு எங்க இருக்கு? எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிடுது. அதுக்கப்புறம் மழை ஓங்கி அடிச்சு இலை கொஞ்சம் மஞ்சக் காட்டுச்சுன்னா இன்னொரு மூட்டை. வீணாப் போவுதுன்னு அந்த அம்மா சொல்லும். எங்க தம்பி போவும்? எல்லாம் நம்ம நெலத்துலதான கெடக்கும்.

அப்புறம் மண்ணு பரிசோதனைன்னு ஒண்ணு இருக்குதில்ல, அதுலயும் என் பக்கம்தான் தீர்ப்பு. யூரியாவுல இருக்கற தழைச்சத்து கொறைவுன்னு கார்டுல அச்சடிச்சே வந்துச்சு. அது ஒரு வேடிக்கை. ஆளுக்கு அரைக்கிலோ மண்ணு, காட்டுல அஞ்சாறு எடத்துல குழி எடுத்து, கலந்து, நெழல்ல காயவச்சுக் கொண்டாங்கன்னு சொன்னாங்க. எவன் குழி எடுப்பான்? எங்க ஊருல கலியன்னு ஒரு ஆளு, அவன் என்ன பண்ணான், ரோட்டோரத்துல கொட்டிக் கெடந்த செம்மண்ணை ஒரு சாக்குல அள்ளினான். முப்பது பொட்டலம் போட்டான். ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொருத்தன் பேரை எழுதினான். ஊருக்கே ஒரே சாக்கு. எல்லாருக்கும் கார்டு வந்துச்சு, எல்லாருக்கும் தழைச்சத்து கொறைவு. அது கெடக்குது, கொறைவுன்னு கவர்மெண்டே சொல்லிட்டுது இல்ல? அந்தக் கார்டை நான் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கேன்.

பெரம்பலூரு வந்துட்டுதா? டீ குடிக்கறதுன்னா நிறுத்துங்க. வேணாமா? சரி.

கெணத்தைப் பத்திச் சொல்லணும். அதுலதான் எல்லாம் இருக்குது. காட்டோட ஈசான மூலையில, பள்ளத்துல இருக்குது கெணறு. ஐம்பது அடி. எங்கப்பா காலத்துல கோடையில கால்தான் நனையும். நான் தலையெடுத்ததும் ஒரு வேலை பண்ணேன். மேக்காலேருந்து கெழக்கால சரிவுதான், அதனால காட்டுக்கு நடுவுல ஒரு வாய்க்கா எடுத்து நேரா கெணத்துல கொண்டு விட்டேன். மழை பெஞ்சா நாலு ஏக்கரு தண்ணியும் வெளிய போவாது, கெணத்துல எறங்கிடும். ஒரு சொட்டு பக்கத்துக் காட்டுக்குப் போவாது. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போனாங்க. இப்ப சித்திரையிலயும் பத்தடி நிக்குது.

அந்தத் தண்ணியோட தெம்பைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. கோடைச் சோளத்துக்கு நான் யூரியாவே போடறதில்ல. ஒரு கைப்பிடி கூடக் கெடையாது. அந்தத் தண்ணியைப் பாய்ச்சினாலே போதும், சோளம் ஆளு உசரம், கரும்பச்சையா நிக்கும். வெறும் தண்ணியில! பயிருக்கே அப்படின்னா மனுசனுக்கு எப்படி இருக்கும்? நான் பொறந்ததுலேருந்து அதைத்தான் குடிக்கறேன். என்னைப் பாருங்க. ஒரு தலைவலி உண்டா?

ஊருல டேங்குத் தண்ணி ஆறு நாளைக்கு ஒருக்கா விடுவாங்க. பிளீச்சிங் பவுடரு வாடை வரும். அதைக் குடிக்கறதுக்கு வாயே வராது எனக்கு.

இந்தப் பாப்பா மூத்தது இல்ல தம்பி. இதுக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சு. அதுவும் பொண்ணுதான். ரெண்டு வருசம் ஆச்சு.

ஐப்பசியில பொறந்துச்சு. ரெண்டே முக்கால் கிலோ. அப்படியே என் ஜாடை, காது கூட என் காது மாதிரி மடிஞ்சு இருக்கும். அண்ணன் வீட்டுலதான் பிரசவம். இருவத்தஞ்சாவது நாளு வெண்ணிலாவுக்குப் பால் கட்டிக்கிச்சு. கட்டி ஆயி, காச்சலு, கீறித்தான் எடுத்தாங்க. ஒரு பக்கம் பாலே நின்னு போச்சு. இன்னொரு பக்கமும் பத்தல. டாக்டரு பவுடரு எழுதிக் கொடுத்தாரு. அங்கயே ரெண்டு மாசம் வச்சுப் பாத்துக்கறோம்னு மதியழகன் சொன்னாரு. நான்தான் கேக்கல. எனக்குப் புள்ளையைப் பாக்கணும். காட்டையும் விட்டுட்டு வர முடியாது, கதிரு பால் பிடிக்கற நேரம், பன்னி எறங்கும். அதனால நாப்பதாவது நாளு போயி கூட்டிட்டு வந்துட்டேன்.

பவுடரு கரைக்கறது என் வேலை. அவ ஒடம்பு முடியாதவ, நான் தொட விடல. எங்க ஊருல எந்த ஆம்பளை பாலு கரைச்சான்னு கேளுங்க. நான் கரைச்சேன். வெடியால எழுந்திரிச்சு கெணத்துல புதுத் தண்ணி எடுத்து, வெள்ளைத் துணியில வடிகட்டி, அடுப்புல வப்பேன். மத்தவங்க ஒரு கொதி வந்ததும் எறக்கிடுவாங்க. நான் அப்படி இல்ல. மூணு டம்ளரு ஒரு டம்ளரா சுண்டற வரைக்கும் காய்ச்சுவேன். எந்தக் கிருமியும் உசுரோட இருக்கக் கூடாதுன்னு. பாட்டிலைத் தனியா கொதிக்க வப்பேன். புள்ளை அதைக் குடிக்கறப்ப என் வெரலைப் புடிச்சுக்கும் தம்பி. சின்ன வெரலு ஒண்ணு போதும் அதுக்கு.

பதினஞ்சு நாளு இருக்கும். வெண்ணிலா சொன்னா, ஏங்க, பாப்பா ஒதடு ஒரு மாதிரி இருக்குதுங்கன்னு. பாத்தேன். நாவப்பழம் தின்ன வாய் மாதிரி லேசா இருந்துச்சு. நகமும் அப்படித்தான். மார்கழி, பனி கொட்டுது, காட்டுக்குள்ள வேற இருக்கோம். குளிருன்னு நெனைச்சேன். கம்பளியைச் சுத்தினேன், அடுப்புக்குப் பக்கத்துல தொட்டிலைக் கட்டினேன். புள்ளை சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. காச்சலு இல்ல, சளி இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு அவ ரெண்டு தடவ சொன்னா. மொதத் தடவ நான் சிரிச்சேன். ரெண்டாவது தடவ சத்தம் போட்டேன். பாலு பத்தாமதான் புள்ள சோர்ந்து போவுது, உன்கிட்ட பாலு இருந்தா இந்தக் கஷ்டம் ஏன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனா பொய்யும் இல்லையே.

அதனால நான் இன்னும் ரெண்டு வேளை கூடக் கொடுத்தேன். தெம்பு வரட்டும்னு.

மூணாவது நாளு காலையில புள்ள அழுவுது, சத்தம் வரல. மூஞ்சி பூரா ஊதா. தூக்கிட்டு ஓடினோம். ஆஸ்பத்திரி பேரெல்லாம் எதுக்கு, விடுங்க. மூச்சுக்கு டியூப்பு வச்சாங்க. நெறம் மாறல. இதயத்துல ஓட்டை இருக்குமோன்னாங்க. படம் எடுத்துப் பாத்துட்டு ஓட்டை இல்லைன்னாங்க. அப்புறம் ரத்தம் எடுத்தாங்க. நான் பக்கத்துல நிக்கறேன். ஊசியில ஏறுன ரத்தம் சிவப்பா இல்ல தம்பி. கருப்பட்டிக் காப்பி மாதிரி இருந்துச்சு. அந்த டாக்டரு சின்னப் பையன், உங்க வயசுதான் இருக்கும், அந்த ஊசியைப் பாத்தான், என்னைப் பாத்தான். என்ன தண்ணியில பால் கரைக்கறீங்கன்னு கேட்டான். எங்க கெணத்துத் தண்ணிதாங்க, நல்லா காய்ச்சித்தாங்கன்னு சொன்னேன். கெணத்தைச் சுத்தி என்ன பயிருன்னு கேட்டான். எம் புள்ள அங்க மூச்சுக்குத் தவிக்குது, இவனுக்கு என்ன பயிருன்னு தெரியணுமாம். மக்காச்சோளம்னு சொன்னேன். யூரியா போடுவீங்களான்னான். யாருங்க போடாம இருக்காங்கன்னேன்.

அதுக்கு ஒரு மருந்து இருக்குதாம், நீலக் கலரு. அது அங்க இல்லைன்னு இன்னொரு ஆஸ்பத்திரிக்கு எழுதி, ஆம்புலன்சுல ஏத்தி விட்டாங்க. பாதி வழியில போயிடுச்சு. டோல்கேட்டுக்கு முன்னாடி. வண்டிக்காரரு சைரனை நிறுத்திட்டாரு. அந்தச் சத்தம் நின்னதும்தான் எனக்குப் புரிஞ்சுது. வெண்ணிலா மடியிலதான் இருந்துச்சு. பேரு வைக்கல தம்பி. அம்பத்தெட்டு நாளு. தைப்பூசத்தன்னைக்குக் கோயில்ல வச்சுப் பேரு வைக்கலாம்னு இருந்தோம்.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் கொடுங்க. நன்றி.

அந்தச் சின்ன டாக்டரு சும்மா இருந்திருந்தா என் குடும்பம் இப்படி ஆயிருக்காது. ஏத்தி விடறப்ப வெண்ணிலாகிட்ட சொல்லியிருக்கான். யூரியா மண்ணுக்குள்ள எறங்கி கெணத்துத் தண்ணியில சேந்திருக்கும், பெரியவங்களுக்கு ஒண்ணும் செய்யாது, பச்சக் கொழந்தைக்கு ரத்தத்துல காத்து ஏறாம பண்ணிடும்னு. அதோட விட்டானா? தண்ணியைக் காய்ச்சினா கிருமிதான் சாவும், அந்த உப்பு சாவாது, சுண்டச் சுண்ட இன்னும் கூடும்னானாம். கேட்டீங்களா கதையை. காய்ச்சினா கெடுதி கூடுமாம். மருந்து இல்லாம அனுப்பிட்டு, பழியைத் தூக்கி என் கெணத்துல போட்டுட்டான். இத்தனை பேரு அந்தத் தண்ணியைக் குடிக்கறோம், நான் குடிச்சேன், எங்கப்பா குடிச்சாரு, மாடு குடிக்குது. கைக்கொழந்தைக்கு மட்டும் விசமாம்.

அவ நம்பிட்டா. அன்னையிலேருந்து அந்தக் கெணத்துல ஒரு சொம்பு தண்ணி எடுக்கல. ஒரு மைலு நடந்து ஊருக்குள்ள போயி டேங்குத் தண்ணியைக் கொடத்துல தூக்கிட்டு வருவா. வயித்துல புள்ளையோட இருக்கறப்பவும் அப்படித்தான். ஊரு சனம் எல்லாம் பாக்கும். அழகுதுரை கெணத்துல தண்ணி தளும்புது, பொண்டாட்டி கொடத்தைத் தூக்கிட்டுப் போறான்னு. எனக்கு எப்படி இருக்கும்? ஒருநாளு கொடத்தைப் புடுங்கி ஒடைச்சேன். அடுத்த நாளு பிளாஸ்டிக் கொடம் வாங்கிட்டு வந்துட்டா. ஏழாம் மாசம் அண்ணன் வீட்டுக்குப் போனவதான்.

இந்தப் புள்ளையும் பவுடரு பாலுதான். அந்தக் கட்டி கீறுனதுலேருந்து ஒரு பக்கம் பாலு கெடையாதுன்னு சொன்னேன் இல்ல. நான் போயிப் பாத்தேன், நாலு தடவ. தொட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, சாப்புட்டுட்டு, திரும்பி வந்துடணும். விருந்தாளி மாதிரி. மதியழகன் கடைசியா சொன்னாரு, மாப்ளே, சண்டை வேணாம், கெணத்துத் தண்ணியை டெஸ்டுக்குக் கொடுங்க, நல்லதுன்னு எழுதிக் கொடுத்தா நானே கொண்டாந்து விடறேன்னு. வெண்ணிலாவும் தலையை ஆட்டினா. பேப்பரைக் கொண்டாங்க, வர்றேன். வேற ஒண்ணும் கேக்கல அவ.

சரி, பேப்பருதான, வாங்கிடலாம்னு கெளம்பினேன். ரெண்டு லிட்டரு பாட்டிலை எடுத்துக்கிட்டு கெணத்துக்குப் போனேன். கரண்டு இல்ல. மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு எங்க பக்கம் முறை வச்சுத்தான் விடுவாங்க, அன்னைக்கு மத்தியானத்துக்கு மேலதான். கெணத்துல எறங்கறதுன்னா படி இடிஞ்சு கெடக்குது. கயிறு போட்டு எடுக்கலாம், எடுக்க முடியாதுன்னு இல்ல. வாளியைக் கையில எடுத்துட்டேன். அப்ப ஒரு யோசனை வந்துச்சு. இந்த டெஸ்டு பண்றவன் எப்படிப்பட்டவனோ. கடலைக்கும் கம்புக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா இருப்பான். ஏதாவது ஒரு குறையை எழுதிட்டான்னா அதை அழிக்க முடியாது. நல்ல தண்ணி மேல கெட்ட பேரு எழுதிட்டா, பேருதான நிக்கும்? வெண்ணிலா வாழ்நாளுக்கும் வரமாட்டா. வாளியை வச்சுட்டேன்.

போற வழியில டவுனுல காவேரித் தண்ணி பைப்பு இருக்குதில்ல, பஸ் ஸ்டாண்டுக்கிட்ட. அதுல புடிச்சேன். பாட்டிலை நல்லா நாலு தடவ கழுவித்தான் புடிச்சேன். டெஸ்டு பண்ற ஆபீசுல போயிக் கொடுத்தேன். எந்த ஊரு, எந்தக் கெணறுன்னு கேட்டாங்க, சொன்னேன். சர்வே நம்பரு கூட எழுதிக் கொடுத்தேன்.

இதுல என்ன தம்பி இருக்குது? மண்ணுக்கும் அப்படித்தான கொடுத்தோம். முப்பது வீட்டுக்கு ஒரே சாக்கு. எவனுக்கு என்ன ஆச்சு? எல்லாம் ஒரு கணக்குக்குத்தான். அவங்களுக்கு ஒரு பாட்டிலு வேணும், நமக்கு ஒரு பேப்பரு வேணும்.

அஞ்சு நாள்ல வந்துச்சு. இருங்க, காட்டறேன். ரோட்டைப் பாருங்க, நானே படிக்கறேன். இந்தா, அந்த டாக்டரு சொன்ன உப்பு, நைட்ரேட்டுன்னு போட்டிருக்குது பாருங்க. நாப்பத்தஞ்சு வரைக்கும் இருக்கலாமாம். நம்மளுது எட்டு. எட்டே எட்டு! கீழ, குடிக்க உகந்ததுன்னு சீலு வச்சுக் கையெழுத்து. போன்ல போட்டோ எடுத்து அனுப்பினேன். அரைமணி நேரம் கழிச்சு வெண்ணிலாவே கூப்புட்டா. அழுதா தம்பி. ரெண்டு வருசமா உங்களைத் தப்பா நெனைச்சுட்டேங்க, நீங்க காய்ச்சிக் கொடுத்ததைப் போயி விசம்னு நெனைச்சுட்டேன், எம் பாலு இல்லாமத்தான் அவ போயிட்டான்னு சொல்லிச் சொல்லி அழுதா. விடு புள்ளே, நடந்தது நடந்துபோச்சுன்னேன். எனக்கும் அழுகை வந்துடுச்சு. அந்தப் பழி போச்சு பாருங்க. ரெண்டு வருசமா ஊருல எவன் மொகத்தையும் நிமுந்து பாக்கல நான்.

துணியெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டாளாம். பாப்பாவுக்குப் பொட்டு வச்சு, சட்டை மாத்தி, காலையிலேருந்து வாசல்ல நிக்கறாளாம்.

என்ன தம்பி, ஓரங்கட்டுறீங்க? இது அரும்பாவூரு தாண்டி ரெண்டு கிலோமீட்டரு கூட வரல. இன்னும் போவணும். டயரா? ஒண்ணுக்குப் போவணுமா?

வண்டியை ஏன் அணைச்சுட்டீங்க?

என்ன? இல்ல, புரியல. திருப்பிச் சொல்லுங்க. கெணத்துத் தண்ணியை மறுபடி கொடுத்துட்டு அப்புறம் கூட்டிட்டு வரணுமா? இப்பத்தான சொன்னேன், பேப்பரு வந்துட்டுதுன்னு. இல்ல தம்பி, நீங்க வண்டியை எடுங்க. நல்ல நேரம் பாத்துக் கெளம்பியிருக்கேன், பதினொண்ணேகாலுக்குள்ள அங்க இருக்கணும்.

எடுக்க மாட்டீங்களா?

வாடகை முழுசாத் தர்றேன். அதுக்கு இல்லையா. அப்ப எதுக்கு? உங்களுக்கு ஒண்ணரை வயசுல பையன் இருக்கானா. இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க அந்த டாக்டருகிட்ட படிச்சீங்களா? வண்டி ஓட்டறவரு நீங்க, உங்களுக்கு எங்க கெணத்தைப் பத்தி என்ன தெரியும்? ஒரு நாளு வந்து ஒரு சொம்பு குடிச்சுப் பாத்தீங்களா?

அவ நம்பரா? எதுக்கு? நீங்க அவகிட்ட என்ன பேசப் போறீங்க? வேணாம் தம்பி, கையெடுத்துக் கும்புடறேன். ரெண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் அவ என்னை ஏங்கன்னு கூப்புட்டா. அதைக் கெடுத்துடாதீங்க. மதியழகன் நம்பரும் தரமாட்டேன். உங்ககிட்டப் போயி மனசு விட்டுச் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

சரி, நீங்க இங்கயே நில்லுங்க. நான் எறங்கிக்கறேன். பின்னாடி தம்மம்பட்டி பஸ்ஸு வருது, எனக்குத் தெரியுது. அதுல போயிக்கறேன். வர்றப்ப அங்க ஒரு வண்டி கெடைக்காமயா போயிடும். கதவு ஏன் தொறக்கல? பூட்டியிருக்கீங்களா? தொறங்க.

பையை விடுங்க தம்பி. விடுங்கன்னா. பேப்பரு கிழியுது பாருங்க, விடுங்க. நான் யாருக்கு என்ன கெடுதி பண்ணேன்? ஒண்ணைப் பறிகொடுத்தவன் நான். இவளையாவது ஒரு கொறையும் இல்லாம, என் கையாலயே பாத்துப் பாத்து வளக்கணும்னு போறேன். அவ எம் புள்ள. எம் புள்ளைக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா?